நானும் பேர்கன்காரனும் உடுத்த இலையுதிர்காலம்

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஹவுகெட்டோ ஸ்டேஷனுக்கு இறங்குகிற சரிவில் என் சைக்கிள் ஈர இலைகளில் வழுக்கியது. விழுந்தது பெரிய விழுகையாகத் தெரியவில்லை. எழும்பி, காற்சட்டையைத் தட்டிவிட்டு, சைக்கிளை நிமிர்த்தப் போனபோதுதான் இடது கை நான் சொன்னதைக் கேட்கவில்லை. தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் இருக்கிற எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார்கள். எட்டுக் கிழமைக்கு, அதாவது இரண்டு மாசத்துக்கு, பஸ் ஓடக்கூடாது என்று டொக்டர் எழுதித் தந்தார்.

பத்தொன்பது வருசமாக நான் ஒஸ்லோவில் பஸ் ஓடுகிற சாரதி. வேலைக்குத் தருகிற நீலச் சேர்ட், நீலக் காற்சட்டை, குளிருக்கு அதே நீலத்தில் ஒரு ஜக்கெட். வேலையில்லாத நாட்களுக்கு மனைவி வருசத்தில் இரண்டு தரம் மலிவு விற்பனையில் எதையாவது வாங்கிவந்து அலுமாரியில் வைப்பாள். கறுப்பு, சாம்பல், மறுபடியும் கறுப்பு. வெளியில் போக ஒரு கறுப்புக் குளிர் ஜக்கெட். அது கிழிந்தால் அதைப்போலவே இன்னொன்று. காலையில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஹொல்ம்லியா ஸ்டேஷனில் நிற்கிற தமிழ் ஆம்பிளைகளைத் தூரத்தில் இருந்து பார்த்தால் ஆர் ஆர் என்று பிரித்தறிய முடியாது. இந்த நாட்டுக்கு வந்த நாள் முதலாய், ஒருத்தரின் கண்ணிலும் படாமல் போய்வரவேண்டும் என்றுதான் நாங்கள் உடுத்திருக்கிறோம். அதை நான் ஒரு குறையாக நினைத்ததில்லை. உடுப்பைப் பற்றி எதையுமே நினைத்ததில்லை என்பதுதான் சரி.

கை முறிந்த மறுநாள் காலை மனைவி வேலைக்குப் போய்விட்டாள். அவள் சிறுவர் பாடசாலையில் வேலை செய்கிறாள், ஏழு மணிக்கே போகவேண்டும். நான் குளித்துவிட்டு ஒரு கம்பளிச் சட்டையைத் தலையால் போடப் பார்த்தேன். வலது கை போனது. தலை பாதி போனது. பிறகு முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. அப்படியே இருட்டுக்குள் நின்றுகொண்டிருந்தபோது மகளின் குரல் கேட்டது. அவளுக்குப் பதினேழு வயது. இங்கே பிறந்தவள்.

"அப்பா, என்ன செய்யுறீங்கள்?"

"உடுக்கிறன்."

"உடுக்கிற மாதிரித் தெரியேல்லை. ஆரோடையோ சண்டை பிடிக்கிற மாதிரி இருக்கு."

சட்டையைக் கழற்றிவிட்டு அலுமாரியைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு ஹாங்கராகத் தள்ளினாள். "எல்லாம் தலையாலை போடுறது. எல்லாம் ஒடுக்கம். உங்களுக்கு முன்னுக்குத் திறக்கிற பெரிய உடுப்புத்தான் வேணும். பள்ளிக்கூடம் முடிய வாறன், ப்ருக்ட் கடைக்குப் போவம்."

ப்ருக்ட் கடை என்றால், ஆட்கள் பாவித்துக் கொடுத்த சாமான்களை விற்கிற கடை. அவளுடைய உடுப்பில் பாதி அங்கேயிருந்துதான் வருகிறது என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி வீட்டில் கதைப்பதில்லை.

"செத்தவையின்ரை உடுப்பை என்னைப் போடச் சொல்லுறியோ?" என்றேன்.

"செத்தவையும் வடிவாய்த்தானே உடுத்திருப்பினம்," என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பின்னேரம் தோளில் ஒரு போர்வையைப் போட்டு, அது விழாமல் ஊசி குத்தி, என்னை ரயிலில் கூட்டிக்கொண்டு போனாள். கடைக்குள் சவர்க்காரமும் கம்பளியும் கொஞ்சம் நிலவறை மணமும் கலந்து வந்தது. உடுப்புகளை நிறம் நிறமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் பழக்கத்தில் கறுப்புப் பக்கம் போனேன். மகள் என் வலது முழங்கையைப் பிடித்துத் திருப்பினாள்.

மூன்று உடுப்புகள் சரிவரவில்லை. நாலாவதாக அவள் எடுத்து நீட்டியது பாசிப் பச்சை நிறத்தில் ஒரு தடித்த கம்பளிக் கார்டிகன். கையால் பின்னியது. தோலில் செய்த பொத்தான்கள், வாதுமைக்கொட்டை அளவில். உடம்பு அகலமாக இருந்தபடியால், கட்டின கையை உள்ளே வைத்தே பொத்தானைப் பூட்ட முடிந்தது. இடது கைப்பகுதி சும்மா தொங்கியது. நான் கண்ணாடியைப் பார்த்தேன்.

அதில் நின்றவரை எனக்கு முன்பின் தெரியாது. ஆனால் தெரிந்திருக்க விருப்பமாக இருந்தது. ஏதோ வாசித்துக்கொண்டிருந்துவிட்டு நடுவில் எழும்பி வந்தவர் போல, அவசரமில்லாமல், ஆடுகிற வெறும் சட்டைக்கையோடு நின்றார். என் நெஞ்சு அடித்தது. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு கம்பளிச் சட்டைக்காக நெஞ்சு அடிக்கும் என்று எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லை.

மகள் போனை எடுத்து என்னைப் படம் பிடித்தாள். நான் கேட்காமல் அவள் என்னைப் படம் பிடித்துப் பல வருசம் இருக்கும்.

அந்தப் படத்தை ரயிலில் இருந்தே பேர்கனுக்கு அனுப்பினேன்.

பேர்கனில் இருக்கிறவன் என் கூட்டாளி. மன்னாரில் ஒரே வகுப்பு, ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தோம். நோர்வேக்கு வந்தபின் நான் ஒஸ்லோவில் தங்கிவிட்டேன், அவன் மேற்குக் கடற்கரையில் இருக்கிற பேர்கனுக்குப் போய்விட்டான். அங்கே ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. மூன்று வருசத்துக்கு முதல் அவனுடைய மனைவி நோய் வந்து செத்துப்போனாள். செத்தவீட்டுக்குப் போனபோதுதான் நான் அவனைக் கடைசியாக நேரில் கண்டது. பிள்ளைகள் இரண்டு பேரும் வேறு நகரங்களில். அவன் வேலைக்குப் போவான், வீட்டுக்கு வருவான், அவ்வளவுதான். மாதத்தில் இரண்டு ஞாயிறு போனில் கதைப்போம். உனக்குச் சீனி எவ்வளவு, எனக்குக் கொழுப்பு எவ்வளவு, பிள்ளைகள் சுகமோ. பத்து நிமிசத்தில் கதை முடிந்துவிடும். பிறகும் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் போனை வைக்காமல் இருப்போம்.

ஹொல்ம்லியாவில் இறங்க முதலே பதில் வந்தது. "எந்தப் பல்கலைக்கழகத்திலை படிப்பிக்கிறாய்?"

அதற்குப் பிறகு இரண்டு நாள் சத்தமில்லை. சனிக்கிழமை மத்தியானம் போன் கிணுங்கியது. படம். தன் வீட்டுக் கதவுக்கு முன்னால் நிற்கிறான். மண்ணிறக் கட்டம் போட்ட கோட், மஞ்சள் டை, தலையைப் பக்கவாட்டில் வாரி, ஒரு கை பொக்கற்றுக்குள். கீழே ஒரு வரி: "எங்கடை ஊரிலையும் கடை இருக்கு."

நான் குசினிக்குள், அடுப்படியில் இருந்து கத்தின கத்தலில் மனைவி ஓடிவந்தாள். கையில்தான் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள்.

இப்படித்தான் போட்டி தொடங்கியது. விதிகளை மகள் எழுதினாள். எல்லாம் பாவித்த உடுப்பாக இருக்கவேண்டும். தலை முதல் கால் வரை படத்தில் தெரியவேண்டும். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் அனுப்பவேண்டும். தீர்ப்புச் சொல்வதும் அவள்தான். எங்கள் இரண்டு பேரிலும் அவளுக்குத் துளியும் இரக்கமில்லை என்பதால் பேர்கன்காரன் உடனே ஒத்துக்கொண்டான்.

முதல் கிழமை நான் தோற்றேன். பச்சைக் கார்டிகனுக்குக் கீழே நான் போட்டிருந்த வெள்ளை ஓட்டச் சப்பாத்தை அவள் படத்தில் பெரிதாக்கிக் காட்டினாள். "அப்பா, மேலை பேராசிரியர். கீழை உடற்பயிற்சி வாத்தியார்." அவனுக்கு எழுதினது வேறு: "மாமா, டை நல்லம். ஆனால் பாஸ்போர்ட் படத்துக்கு நிக்கிற மாதிரி நிக்காதேங்கோ."

அடுத்த திங்கள் காலை கடை திறக்கும்போது நான் வாசலில் நின்றேன்.

வீட்டில் இருக்கிற மனிதனுக்குக் கிழமையில் ஏழு நாளும் நேரம்தான். ஒஸ்லோவின் அந்தப் பக்கத்தில் இருந்து இந்தப் பக்கம் வரை எத்தனை ப்ருக்ட் கடை இருக்கிறது, எதில் எந்த நாளில் புதுச் சாமான் வெளியில் வரும் என்று இரண்டு கிழமைக்குள் எனக்குப் பாடமாகிவிட்டது. துணியைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டே கம்பளியா, கலப்பா என்று சொல்லப் பழகினேன். மண்ணிறத்தில், வரி வரியான கோடுரோய்த் துணியில் ஒரு காற்சட்டை கிடைத்தது. கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வெயிஸ்ட்கோட். ஆரோ நன்றாக நடந்து நன்றாகத் துடைத்து வைத்திருந்த ஒரு சோடித் தோல் சப்பாத்து. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது பையைத் திறந்து திறந்து பார்ப்பேன். பச்சை விளக்கு விழுந்தும் எடுக்காமல் நிற்கிற சாரதியின் பிழை கூட எனக்குத் தெரியவில்லை.

மனைவிக்கு முதலில் பிடிக்கவில்லை. "ஆரின்ரை உடம்பிலை கிடந்ததோ, என்ன வருத்தமோ," என்று எல்லாவற்றையும் இரண்டு தரம் தோய்த்தாள். கம்பளியைத் தோய்க்க முடியாதென்று மகள் சொன்னதும், பூச்சி சாகட்டும் என்று அதைப் பொலித்தீன் பையில் கட்டி ஃப்ரீசருக்குள் வைத்தாள். என் பச்சைக் கார்டிகன் மூன்று நாள் அறக்குளா மீனுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. இதைப் பேர்கன்காரனுக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு நான் எந்தப் படம் அனுப்பினாலும் "மீன் மணக்குது" என்றுதான் முதல் பதில்.

காலை ஒன்பது மணிக்கு முதல் நான் முழுதாக உடுத்திவிடுவேன். போக ஓரிடமும் இல்லை. ஆனாலும் வெயிஸ்ட்கோட் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் உள்ளிப் பூண்டு உரிப்பேன். கோடுரோய் காற்சட்டையோடு குப்பை கொண்டுபோய்ப் போடுவேன். யன்னலுக்கு வெளியே பேர்ச் மரங்கள் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, ஒரு காற்றில் பாதி கொட்டின. அந்த நிறங்களை நான் முப்பது வருசமாகப் பார்த்திருக்கிறேன், எனக்கும் அதில் ஒன்றை உடுக்கலாம் என்று தோன்றினதில்லை.

ஒருநாள் லிஃப்டில் ஐந்தாம் மாடிக்காரர் வந்தார். சென்னையில் இருந்து வந்து கொம்பியூட்டர் வேலை செய்கிறவர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சூப்பர் சார்! எங்க வாங்குனீங்க?"

"பாவிச்ச உடுப்புக் கடையிலை."

"செகண்ட் ஹேண்டா? சான்ஸே இல்ல சார்!"

"உண்மையாய்த்தான். விலை போட்ட துண்டு கூட இருக்கு," என்று பொக்கற்றுக்குள் கைவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நான் பொய் சொன்னேன் என்று நினைத்துவிட்டாரே என்று எனக்கு நாள் முழுக்கக் கவலை. பின்னேரம் மகள்தான், சென்னைக்காரர் அப்படிச் சொன்னால் பிரமாதம் என்று அர்த்தம் என்று விளக்கினாள். உடனே அந்த லிஃப்ட் பயணம் எனக்கு வேறொன்றாகிவிட்டது. அவரை இன்னொரு தரம் சந்திக்க மாட்டேனா என்று இரண்டு நாள் தேவையில்லாமல் லிஃப்டில் போய் வந்தேன்.

கோடுரோய் காற்சட்டை நீளமாக இருந்தது. ஒரு ஞாயிறு பின்னேரம், நான் கேட்காமலே மனைவி ஊசிப் பெட்டியை எடுத்துவந்து என்னைக் கதிரையில் ஏறி நிற்கச் சொன்னாள். கீழே இருந்து துணியை மடித்து ஊசி குத்தினாள். வாயில் ஊசிகளை வைத்துக்கொண்டே கதைத்தாள்.

"இருவத்தைஞ்சு வருசமாய் உங்களுக்கு உடுப்பு நான்தான் வாங்கினனான். என்ன நிறம் வேணும் எண்டு கேட்டால், எதெண்டாலும் பரவாயில்லை எண்டுவீங்கள். உங்களுக்கு ஒண்டிலையும் விருப்பமில்லையாக்கும் எண்டு நான் நினைச்சிட்டன்."

"எனக்கே தெரியாதே, எனக்கு என்ன விருப்பமெண்டு."

அவள் மற்றக் காலுக்கு நகர்ந்தாள். நான் மேலே இருந்து அவளுடைய வகிட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அந்தப் பச்சை உங்களுக்கு வடிவாய்த்தான் இருக்கு," என்றாள். "முதல் நாளே சொல்லியிருக்கலாம். கோவத்திலை சொல்லேல்லை."

"என்ன கோவம்?"

"நான் வாங்கித் தந்த எதைப் போட்டும் நீங்கள் கண்ணாடிக்கு முன்னாலை நிண்டதில்லையே."

அடுத்த சனிக்கிழமை அவளும் எங்களோடு கடைக்கு வந்தாள். சும்மா பார்க்கத்தான் என்றாள். நாவல்பழ நிறத்தில் ஒரு வெல்வெட் சட்டையோடு வெளியில் வந்தாள். அதை ஃப்ரீசரில் வைக்கவில்லை.

ஒக்டோபர் நடுவில் பேர்கன்காரன் மூன்று, நான் இரண்டு. அந்தச் சனிக்கிழமை நான் வெயிஸ்ட்கோட்டும் புள்ளி போட்ட கழுத்துத் துணியுமாக ஒரு படம் அனுப்பிவிட்டு, வெற்றி எனக்குத்தான் என்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அவனுடைய படம் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிசம் இருக்க வந்தது.

ஒட்டக நிறத்தில் ஒரு நீளக் கோட். முழங்காலுக்குக் கீழே இறங்கி, அகன்ற கழுத்துப்பட்டியோடு, இடுப்பில் பட்டி கட்டி. அவன் பாஸ்போர்ட்டுக்கு நிற்கவில்லை. தோளைத் திருப்பி, எங்கோ தூரத்தைப் பார்த்து நின்றான். மூன்று வருசத்தில் முதல் தடவையாக அவனுடைய முகத்தை நான் கண்டது போல இருந்தது.

மகள் படத்தை நெடுநேரம் பார்த்தாள். "இதுக்கு மேலை ஒண்டுமில்லை. மாமா வெண்டிட்டார்."

எனக்குப் பொறாமை. போன் எடுத்தேன். "எங்கையடா எடுத்தனி? இன்னொண்டு இருக்கோ?"

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "மச்சான், ஒண்டு சொல்லோணும். நான் அதை வாங்கேல்லை."

"என்ன?"

"கடைக்குள்ளை போட்டுப் பாத்தனான். அங்கை வேலை செய்யிற பிள்ளையிட்டைப் போனைக் குடுத்துப் படம் எடுத்தனான். பிறகு கழட்டித் தொங்கவிட்டிட்டு வந்திட்டன்."

"ஏன்? காசோ?"

"காசில்லை. அதைப் போட்டுக்கொண்டு நான் எங்கை போறது? வேலைக்குப் போனால் ஏப்ரன். வீட்டுக்கு வந்தால் சாரம். ஆர் அதைப் பாக்கப் போயினம்?"

வாங்காத உடுப்பு என்று மகளிடம் சொன்னால் புள்ளியைப் பிடுங்கிவிடுவாள். நான் சொல்லவில்லை. "இஞ்சை வா," என்றேன். "நாங்கள் பாக்கிறம். நவம்பர் தொடக்கத்திலை ஒரு சனி, ஞாயிறு. லீவு போடு."

"பாப்பம்."

"பாப்பம் எண்டு சொல்லாதை. வாறன் எண்டு சொல்லு."

"வாறன்," என்றான். திங்கட்கிழமை வேலை முடிந்த கையோடு அந்தக் கடைக்குப் போயிருக்கிறான். கோட் போய்விட்டது. ஆரோ கொண்டுபோய்விட்டார்கள். அதை அவன் ஒரு வரியில் எழுதினான்: "விட்டிட்டன்."

அந்த வரியை என்னால் சும்மா விடமுடியவில்லை. அது லொப்பமார்க்கெட் காலம். பள்ளிக்கூட வாத்தியக் குழுப் பிள்ளைகளின் பெற்றோர்கள் ஊரெல்லாம் பழைய சாமான் சேர்த்து, ஒரு சனி, ஞாயிறு பள்ளிக்கூடத்தில் பரப்பி விற்பார்கள். எங்களுக்குக் கிட்டடியில் ஒன்று இருந்தது. காலைத் தூறலில் நாங்கள் மூன்று பேரும் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நூறு பேராவது இருக்கும். மகள் திட்டம் போட்டாள். தான் சப்பாத்துக்கு, அம்மா சட்டைகளுக்கு, நான் கோட்டுகளுக்கு. "அப்பா, கட்டின கையை ஆரும் இடிச்சால் பெரிசாய்க் கத்துங்கோ. அப்பதான் விலகுவினம்."

கதவு திறந்தது. நான் வாழ்க்கையில் எத்தனையோ சனநெரிசல் கண்டவன், ஆனால் வரிசையில் பொறுமையாக நிற்பதற்கே பிறந்த நோர்வேஜியர்கள் இப்படி ஓடுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. உடற்பயிற்சி மண்டபத்தில் கம்பி கம்பியாகக் கோட்டுகள். வலது கையால் தள்ளித் தள்ளிப் போனேன். மழைக்கோட், மழைக்கோட், பனிச்சறுக்கு ஜக்கெட். பிறகு விரல் நுனியில் அது பட்டது. பார்க்க முதலே கம்பளி என்று கைக்குத் தெரிந்தது. கடும் நீலத்தில் ஒரு நீளக் கோட், இரண்டு வரிசைப் பொத்தான், உள்ளே வைன் நிறப் பட்டு. நான் கைப்பகுதியைப் பிடித்து இழுத்தேன். அது வரவில்லை. மற்றக் கைப்பகுதியை மூக்கில் வளையம் போட்ட ஒரு இளம்பெண் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இது உங்களுக்கா?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

"இல்லை. பேர்கனில் இருக்கிற என் நண்பனுக்கு."

"பேர்கனில் எப்போதும் மழையல்லவா? கம்பளி நனைந்தால் நாய் மாதிரி மணக்கும்."

"என் வீட்டு உடுப்பெல்லாம் மீன் மணக்கிறது என்று சொல்கிறவன் அவன். பழிவாங்க நல்ல வழி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஏன் மீன் என்று கேட்டாள். கோட்டை இரண்டு பக்கமும் பிடித்தபடியே போட்டியைப் பற்றி முழுக்கச் சொன்னேன். படம் காட்டுங்கள் என்றாள். போன் என் வலது பொக்கற்றில். எனக்கு இருந்ததே ஒரு கை. போனை எடுக்கவேண்டும் என்றால் கோட்டை விடவேண்டும். நான் கோட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது. தான் பிடித்திருந்த கைப்பகுதியை விட்டாள்.

படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மஞ்சள் டைக்குச் சிரித்தாள். ஒட்டக நிறக் கோட்டில் நின்றுவிட்டாள். "இவருக்கா? அப்படியென்றால் கொண்டுபோங்கள். இந்தத் தோளுக்கு இது சரியாக இருக்கும்." போகும்போது திரும்பி, "அந்தப் பச்சைக் கார்டிகனை நீங்கள் எப்போதாவது கொடுப்பதென்றால் எனக்குச் சொல்லுங்கள்," என்றாள். கொடுக்க மாட்டேன் என்று சொன்னேன். மனைவியும் மகளும் வந்து பார்த்தபோது நான் அந்தக் கோட்டை ஒரு குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மண்டபத்தின் நடுவில் நின்றேனாம். மகள் இதைப் பிறகு எல்லாருக்கும் சொன்னாள்.

நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒஸ்லோ பெரிய ஸ்டேஷனில் பேர்கன் ரயில் வந்து நின்றது. அதற்குள் என் கைக்கட்டை அவிழ்த்துவிட்டார்கள். கறுப்பு ஜக்கெட்டுகள் வந்தன, வந்தன, வந்துகொண்டே இருந்தன. அவற்றுக்கு நடுவில் மண்ணிறக் கட்டம் போட்ட கோட்டும், மஞ்சள் டையும், அன்று காலைதான் வாங்கின சாம்பல் தொப்பியுமாக ஒருவன். அவன் என்னைத் தேடவேண்டிய தேவை இருக்கவில்லை. நானும் கத்தரிப்பூ வெயிஸ்ட்கோட்டோடுதான் நின்றேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து மேடையிலேயே நின்று சிரிக்கத் தொடங்கினோம். சூட்கேஸ்களோடு வந்தவர்கள் எங்களைச் சுற்றிப் போனார்கள்.

"எலும்பு கவனம்," என்று சொல்லி ஒரு பக்கமாகக் கட்டிப்பிடித்தான்.

வீட்டில் கோட்டைக் கொடுத்தோம். போட்டான். தோள் அளந்து தைத்தது போல இருந்தது. கை மட்டும் விரல் நுனி வரை மூடியது, கீழே கணுக்காலைத் தொட்டது. அவன் கைகளைத் தூக்கிக் காட்டினான், விரலே இல்லை. என் மனைவி ஊசிப் பெட்டியை எடுத்துவந்தாள்.

"அண்ணை, கதிரையிலை ஏறுங்கோ."

"வேண்டாம் தங்கச்சி, உங்களுக்கு ஏன் கரைச்சல்."

"ஏறுங்கோ."

ஏறினான். அவள் சுற்றிச் சுற்றி ஊசி குத்தினாள். அவன் கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான். கன காலமாக ஆரும் அவனுடைய உடுப்பைத் தொட்டிருக்க மாட்டார்கள். அவன் யன்னலைப் பார்த்துக்கொண்டே நின்றதால் நான் தேத்தண்ணி போட எழும்பிவிட்டேன்.

ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு இரண்டு பேரும் முழு அலங்காரத்தோடு போனோம். பூசை முடியக் கோப்பி குடிக்கும்போது ஒருத்தர் வந்தார். "என்ன, ரெண்டு பேரும் நாடகத்துக்கோ?"

"ஓம்," என்றான் பேர்கன்காரன். "டிக்கெட் வேணுமோ?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அவர் போகவில்லை. கோட்டின் நுனியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "உண்மையாய்ப் பாவிச்சதோ?" என்று குரலைத் தணித்துக் கேட்டார். பிறகு இன்னும் தணித்து, "எந்தக் கடை?" கோப்பி முடிய முதல் நாலு பேருக்கு விலாசம் சொல்லிவிட்டேன்.

அவனுடைய ரயிலுக்கு நேரம் இருந்தது. மகள் எங்களைப் படம் எடுக்க வேண்டும் என்று கீழே ஃபியோர்ட் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் முன்னுக்கு நடந்து வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பின்னுக்கு வந்தோம். அப்போதுதான் அவன் சொன்னான்.

"அவவின்ரை உடுப்பெல்லாம் அப்பிடியே அலுமாரியிலை கிடந்தது, மச்சான். மூண்டு வருசம். பைகளிலை கட்டி வைச்சிருந்தன், கொண்டுபோக ஏலாமல் இருந்தது. உன்ரை படம் வந்த கிழமை, எனக்கு ஒரு கோட் பாக்கப் போகேக்கை ஒரு பையைக் கொண்டுபோனன். பிறகு ஒவ்வொரு சனியும் ஒரு பை. குடுத்துப்போட்டுத்தான் எனக்குத் தேடுவன்."

நான் நடையை மெதுவாக்கினேன்.

"போன கிழமை ட்ராமுக்குள்ளை ஒரு பெட்டை அவவின்ரை சிவப்பு ஜக்கெட்டைப் போட்டிருந்தாள். எனக்குத் தெரியும், கையிலை நான் தைச்ச தையல். பெட்டை ஆரோடையோ போனிலை கதைச்சுச் சிரிச்சுக்கொண்டு போனாள். எனக்கு அழுகை வருமெண்டு பாத்தன். வரேல்லை. நல்லாய் இருந்துது, அவளுக்கு. உண்மையாய் நல்லாய் இருந்துது."

"சொல்லியிருக்கலாமேடா."

"இப்ப சொல்லுறன்தானே."

"அங்கை கதைக்கிறதை விட்டிட்டு இஞ்சை வந்து நில்லுங்கோ!" என்று மகள் கத்தினாள். "வெளிச்சம் போகுது!"

போய் நின்றோம். காற்று ஃபியோர்டில் இருந்து நேராக அடித்தது. அவனுடைய கோட் பின்னுக்குப் பறந்து வைன் நிறப் பட்டு வெளியில் தெரிந்தது. மகள் "அப்பிடியே, அப்பிடியே!" என்று முழங்காலில் நின்று எடுத்துக்கொண்டிருந்தபோது அவனுடைய தொப்பி எழும்பிப் போனது. கரை நீளத்துக்கு உருண்டது. அவன் கோட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட, நான் முறிந்த தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட, எங்களை முந்திக்கொண்டு ஆருடையதோ ஒரு கறுப்பு நாய் ஓடித் தொப்பியைக் கவ்வியது. நாய்க்காரி மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அதைப் பிடுங்கித் தந்தாள். ஓரத்தில் நாலு பல் அடையாளம். அவன் அதை உதறி, நனைந்தபடியே தலையில் வைத்தான்.

மகள் படங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கோட்டுக்குப் பத்துக்குப் பத்து. தொப்பி ஓட்டை. ஒரு புள்ளி குறையுது."

"நாய் கடிச்சதுக்கு நான் என்ன செய்யிறது? அது என்ரை பிழையோ?"

"விதியிலை நாயைப் பற்றி ஒண்டுமில்லை மாமா."

"அப்ப எழுது! இப்பவே எழுது!"

ஸ்டேஷன் வரைக்கும் அவன் அதையே கதைத்தான். ரயிலில் ஏறி, கண்ணாடிக்குப் பின்னால் இருந்தும் தொப்பியைக் கழற்றி, அந்த நாலு பல்லையும் விரலால் தொட்டுக் காட்டி வாதாடிக்கொண்டிருந்தான். ரயில் நகர்ந்தது. மகள் ஒரு விரலை உயர்த்தி, இல்லை என்று ஆட்டினாள்.